குதிரையை ஏன் அடக்க வேண்டும்?

கேள்வி: நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது என் மகன் கிறகரி ஏரிக்கரையில் குதிரை ஏறினான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை, அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தான். குதிரையை அடக்கி ஓட்டப் பழகினால் தன்னம்பிக்கை கூடும், மன அழுத்தம் குறையும், ஆளுமை வளரும் என்கிறார்களே, உண்மையா? மட்டக்களப்பில் இதற்கு ஒரு வழியும் இல்லாதது நம் பிள்ளைகளுக்கு இழப்பு இல்லையா?
- ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: உண்மைதான் ரீச்சர். குதிரையோடு பழகுவது மனதுக்கு நல்லது. ஆனால் உங்கள் கேள்வியில் ‘அடக்கி’ என்று ஒரு சொல் கிடக்கிறதே, அதைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை.

நாம் எதைத்தான் அடக்காமல் விட்டோம்? வகுப்பை அடக்கத் தெரிந்தவர் நல்ல ரீச்சர். ரீச்சரை அடக்கத் தெரிந்தவர் நல்ல அதிபர். அதிபரை அடக்க வலயத்தில் ஒருவர், அவரை அடக்க மாகாணத்தில் ஒருவர். வீட்டுக்கு வந்தால் பெரியவன் சின்னவனை அடக்குகிறான். சின்னவன் பூனையை அடக்கப் போய்க் கன்னத்தில் கீறு வாங்கி வருகிறான். இந்த நீண்ட வரிசையில் தன் மறுப்பை உரிய இடத்தில் தெரிவித்தது அந்தப் பூனை ஒன்றுதான்.

அப்புறம் இந்த ஆளுமை விருத்திச் செயலமர்வுக்காரர்கள். அவர்களோடு எனக்கு இந்தப் பக்கத்தில் பழைய வழக்கு உண்டு, வாசகர்களுக்குத் தெரியும். “மனம் ஒரு முரட்டுக் குதிரை, கடிவாளத்தை இழுத்துப் பிடி!” என்று ஒலிவாங்கி அதிரக் கத்துவார்கள். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் என்ன நடக்கும்? முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத வெறும் முரசின்மேல்தான் அந்த இரும்பு கிடக்கிறது. சும்மா இழுத்துக்கொண்டே இருந்தால் குதிரை வலியில் தலையைத் தூக்கும், முதுகை விறைக்கும், பின்னுக்குப் போகும். சில குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி எழுந்தே விடும். குதிரை பழக்குகிறவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது தளர்த்துவதைத்தான். கேட்டதைக் குதிரை செய்த அந்தக் கணமே கை தளர வேண்டும். அந்தத் தளர்வுதான் குதிரைக்குக் கிடைக்கும் பாராட்டு. இதை மேடையில் கத்திச் சொல்ல முடியாது. அதனால்தான் சொல்வதில்லை போலும்.

டென்மார்க்கில் லிஸ் ஹார்ட்டெல் என்று ஒரு பெண். 1944இல், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது போலியோ வந்தது. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தே இருந்தன. குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். குதிரையைச் சொன்ன நடையில் நடத்திக் காட்டும் ‘டிரெசாஜ்’ என்ற ஒலிம்பிக் போட்டியில் அதுவரை பெரும்பாலும் இராணுவ அதிகாரிகளுக்கே இடம். 1952 ஹெல்சிங்கியில்தான் பெண்களையும் சேர்த்தார்கள். அங்கே ஜூபிலி என்ற குதிரையில் போட்டியிட்ட ஹார்ட்டெல், ஆண்களோடு சரிக்குச் சரி நின்று வெள்ளி வென்றார். 1956இலும் வெள்ளி. ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற சுவீடன் வீரர் அவரைத் தாங்கிப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்.

குதிரையின் விலாவில் அழுத்திச் செய்தி சொல்ல வேண்டிய கெண்டைக்கால்கள்தான் ஹார்ட்டெலுக்கு வேலை செய்யவில்லை. அடக்கத்தான் வேண்டுமென்றால் அவர் எதைக்கொண்டு அடக்கியிருப்பார்? முதுகின் சிறு அசைவாலும் உடல் பாரத்தை அங்குமிங்கும் மாற்றுவதாலும் அவர் கேட்டார். அந்த மொழியைப் படித்துக்கொண்ட குதிரை செய்தது. அவருக்குப் பிறகு ஐரோப்பாவில் உடற்குறை உள்ளவர்களுக்கான குதிரையேற்ற நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளைக் குதிரையில் இருத்துவதற்கு உடல்ரீதியான காரணமும் உண்டு. நடக்கிற குதிரையின் முதுகு, ஏறி இருப்பவரின் இடுப்பை நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தரம் முன்பின், மேல்கீழ், பக்கவாட்டு என்று அசைக்கிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். நடந்தே அறியாத இடுப்புக்கு நடை எப்படி இருக்கும் என்று குதிரை காட்டிக்கொடுக்கிறது.

மனதுக்கு வருவோம். குதிரை வேட்டையாடப்பட்டே வளர்ந்த இனம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழுவதையும் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. யார் பதறுகிறார் என்று கண்டுபிடிப்பதில்தான் அதன் உயிரே இருந்தது. 2009இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. குதிரைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பல தரம் நடத்திப் போகச் சொன்னார்கள். கடைசித் தரத்துக்கு முன், “இந்த முறை நீங்கள் கடக்கும்போது ஒரு குடையைச் சட்டென்று விரிப்போம்” என்று ஆட்களிடம் சொன்னார்கள். ஆட்களின் இதயத் துடிப்பு ஏறியது. குதிரைகளின் துடிப்பும் கூடவே ஏறியது. குடையை யாருமே விரிக்கவில்லை. குதிரையின் நெஞ்சு படபடத்தது, கயிற்றைப் பிடித்தவரின் பயத்தை அறிந்துதான்.

“குதிரை குணம் அறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை” என்று நம்மவர்கள் சொல்வார்கள். குதிரைக்கு இழைக்கப்பட்ட அநியாயம் அது. குணம் பாதி அதனுடையது, மீதி அதைப் பிடித்திருப்பவருடையது.

உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்கு நன்மை இங்கேதான் இருக்கிறது. குதிரையின் தோளுக்குப் பக்கமாக வந்து நின்று, புறங்கையை நீட்டி மணக்க விடுகிறான். ஒரு காது அவன் பக்கம் திரும்புகிறது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் குதிரையின் கழுத்து உயரும், ஈ உட்கார்ந்தாற்போல் தோல் சிலிர்க்கும். மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்துகிறான். சற்று நேரத்தில் அந்தக் கழுத்து இறங்குகிறது, கீழுதடு தளர்கிறது, வாய் மெல்ல அசைகிறது. தான் அமைதியானதைத் தானே கண்ணால் பார்க்கிறான். “பயப்படாதே” என்று நூறு தரம் கேட்ட பிள்ளைக்கு, எப்படிப் பயத்தைக் குறைப்பது என்று சொல்லிக்கொடுத்த முதல் ஆள் அந்தக் குதிரையாக இருக்கலாம். அதோடு அது புள்ளி போடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாது, தரம் 5 புலமைப்பரிசிலில் எத்தனை எடுத்தாய் என்று கேட்காது. ஓட்டிசம் உள்ள 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவின் கொலராடோவில் செய்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. 10 வாரம் குதிரையேறிய பிள்ளைகளிடம் எரிச்சலும் துருதுருப்பும் குறைந்தன. குதிரையைத் தொடாமல் அதைப் பற்றிப் படிக்க மட்டும் செய்த பிள்ளைகளிடம் அந்த அளவு மாற்றம் இல்லை.

சரி, மட்டக்களப்பில் வழி இல்லை என்கிறீர்கள். குதிரைக்கு வழி குறைவுதான். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 40 லீற்றர் தண்ணீர் குடிக்கும். நல்ல புல் வேண்டும், நிழல் வேண்டும், குளம்பு பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். இவை இல்லாமல் கடற்கரைச் சூட்டில் குதிரையைக் கொண்டுவந்து கட்டிவைப்பதை நான் எதிர்ப்பேன்.

ஆனால் மாடு இருக்கிறதே ரீச்சர்! எருமை இருக்கிறதே! தயிர்ச்சட்டியைத் தலைநகர் வரை அனுப்புகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, பிள்ளை பழக ஒரு விலங்கு இல்லை என்கிறோம். பின்னேரம் ஒரு பட்டிக்குப் போய்ப் பாருங்கள். பட்டிக்காரர் ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அது தலை திருப்பும். பால் கறக்கிறவர் பதறினால், அடித்தால், மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மிரண்ட உடலில் பால் இறங்காது, அது உடலின் வேலைமுறை. நிதானமாக மடி தடவி, கன்றை விட்டுப் பிடித்து, தன் அவசரத்தைக் கீழே வைத்தவருக்குத்தான் பால். குதிரை சுவீடன்காரருக்குக் கற்பித்ததை எருமை நம்மவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்திருக்கிறது. நாம்தான் “மாடு மேய்க்கப் போவாய்” என்பதைப் பிள்ளையை ஏசும் ஏச்சாக்கி வைத்தோம்.

இனி என் பழைய புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். கொக்கட்டிச்சோலையில் கல் நந்தி எழுந்து பறங்கியர் முன்னால் புல் தின்றது என்று நாம் எல்லாரும் கதை கேட்டு வளர்ந்தோம். அன்று கல் நந்திக்கும் புல் இருந்தது. இன்று உயிருள்ள மாட்டுக்கு எங்கே? பெரும்போகத்தில் வட்டை முழுக்க நெல் நிற்கும்போது பட்டிகளை மேற்கே மேய்ச்சல் தரைக்குச் சாய்த்தே ஆக வேண்டும். அறுவடைக்குப் பிறகுதான் வயலுக்குத் திரும்பலாம். மயிலத்தமடு, மாதவனைத் தரையை மறித்துப் பயிர் செய்கிறார்கள், மாடுகள் வெட்டுப்பட்டும் சுடுபட்டும் சாகின்றன என்று பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்தார்கள். அதைப் பால் விலைப் பிரச்சினையாக மட்டும் எழுதியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஒரு தரை போனால் பட்டி போகும். பட்டி போனால், விலங்கின் முன் அமைதியாக நிற்கத் தெரிந்த மனிதர்களும் போவார்கள். அந்தப் படிப்பைப் பிறகு எந்தச் செயலமர்விலும் வாங்க முடியாது.

பேச்சாலும் பாடத்தாலும் ஆறாத பிள்ளை மனம் வேறு வழியால் ஆறும் என்பதை இந்த ஊர் அறியும். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டி, மண்ணையும் நிறத்தையும் கதையையும் கையில் கொடுத்தார்கள். அதே ஊரில், ஞாயிறு காலையிலும் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிவிட்டு, மன அழுத்தத்துக்கு மருந்து தேடுகிறோம்.

ஆகவே, மகனை முதலில் தெரிந்தவர் ஒருவரின் பட்டிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு கன்றை அவன் பொறுப்பில் விடச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒரு பின்னேரம் போதும். நுவரெலியாவுக்கு மறுபடி போனால் ஏப்ரல் நெரிசலில் வேண்டாம், கூட்டம் குறைந்த மாதத்தில் போங்கள். கயிற்றில் கட்டி ஒரு சுற்றுச் சுற்றி வருவது படத்துக்குத்தான் நல்லது. குதிரைக்காரத் தம்பியிடம் தன்மையாகக் கேட்டு, ஏறுவதற்கு முன் கால்மணி நேரம் பக்கத்தில் நின்று தேய்த்துவிடவும், அவரும் கூடப் பிடித்திருக்க, கயிற்றைப் பிடித்து நடக்கவும் விடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, குதிரை மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும். தலைக்கவசம் இல்லையென்றால் ஏற்ற வேண்டாம். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள், அந்தக் குதிரையும் அதில்தான் சாப்பிடுகிறது.