கொக்கைக் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடலாமா?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம், பெருமாள் ஏரியை ஒட்டி எங்களுக்கு நிலம் இருக்கிறது. அறுப்பு முடிந்த வயல்களில் சிலர் வலை கட்டி, கொக்கும் மடையானும் பிடித்து ரோட்டோரம் விற்கிறார்கள். தட்டிக் கேட்டால், "மயிலையா பிடிக்கிறோம்?" என்கிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடலாமா? யாரிடம் புகார் சொல்வது?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் காசு நாளைக்கு இன்னொரு வலையாக வந்து நிற்கும். அதோடு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவுப்படி, அனுமதி இல்லாதவரிடம் காட்டு உயிரை வாங்குவதும் குற்றம். விடுவிக்கத்தான் வாங்கினேன் என்றாலும் வாங்கியது வாங்கியதுதான்.

"மயிலா?" என்ற கேள்விக்கு வருவோம். மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதற்குத் தண்டனை அதிகம்: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் தனி. அதற்காகக் கொக்கைப் பிடிக்கலாம் என்றாகிவிடாது. கொக்கு, மடையான், கௌதாரி, பச்சைக்கிளி எல்லாமே இதே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவைதான். பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் 25,000 வரைதான். 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது உயர்ந்தது.

சுட்டுக் கொன்றால்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். உயிரோடு பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை போட்டு இழுப்பது, விஷம் வைப்பது எல்லாமே சட்டப்படி வேட்டைதான். கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும் அதில் அடக்கம். நெல்லில் குருணை மருந்து (வயலுக்குப் போடும் பூச்சிமருந்து) கலந்து தூவுகிறவர்களும் உண்டு. அந்தக் கறியைத் தின்பவருக்கும் அது விஷம் என்பதை ஊரில் எடுத்துச் சொல்லுங்கள்.

புகாரை வனச்சரக அலுவலகத்தில் கொடுக்கலாம். நேரமில்லை என்றால் 112ஐ அழையுங்கள். "இது ஃபாரஸ்ட் வேலை" என்று காவல் நிலையத்தில் தட்டிக்கழித்தால் விடாதீர்கள். சப்-இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் சோதனையிட்டுப் பறிமுதல் செய்ய 50ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது.

வலையை நீங்களே அறுக்க வேண்டாம். அதுதான் சாட்சி, கைகலப்பும் வரும். தள்ளி நின்று, மூங்கிலில் கட்டிய வலை, மற்ற கொக்குகளை இழுப்பதற்காக இமையை நூலால் தைத்து வரப்பில் கட்டியிருக்கும் பார்வைக் கொக்கு, பைக் நம்பர், இடம், நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். பறிமுதலான வலையும் வண்டியும் அரசுக்குச் சொந்தமாகும். பிடிக்கிறவர்கள் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான்.

அடிபட்ட பறவை உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவித்துவிடுங்கள். புதுச்சேரியில் இருக்கும் பாகூர் பக்கம் கொண்டுபோய் விற்றால் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. இது மத்தியச் சட்டம், புதுச்சேரிக்கும் பொருந்தும்.

வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். குற்றம் நடந்தும் நடவடிக்கை இல்லையென்றால், வழக்குப் போடப் போவதாக அரசுக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, 55ஆம் பிரிவின்கீழ் நீங்களே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம்.