விபத்து, மருத்துவ வழக்குகள்: ஜூனியர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பி.எல். முடித்து ஈரோட்டில் ஜூனியராக இருக்கிறேன். சாலை விபத்து இழப்பீடு, மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளை மட்டும் நடத்த ஆசை. எதை முதலில் பழகுவது? கட்சிக்காரரிடம் சதவீதம் பேசலாமா?

பதில்: சதவீதம் பேசாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. ஊரில் நடக்காததா என்பார்கள். ஜி.எச். வார்டு வாசலில் ஆள் நிறுத்தி வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதும்தான் நடக்கிறது! புகார் போனால் இரண்டுக்குமே சன்னத்து, அதாவது வக்கீல் தொழில் உரிமம், தப்பாது.

இரண்டில் விபத்து வழக்கை, அதாவது எம்.சி.ஓ.பி.யை, முதலில் பழகுங்கள். மனு போட 6 மாதக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் ஏ.ஆர். காப்பியை, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலை, படியுங்கள். கேஷுவாலிட்டியில் பதற்றத்தில் யாரோ "வண்டி சறுக்கி விழுந்துட்டாருங்க" என்று சொல்லியிருப்பார், அது அப்படியே பதிவாகியிருக்கும். மறுநாள் எஃப்.ஐ.ஆரில் லாரி வரும். இன்சூரன்ஸ் வக்கீலின் குறுக்கு விசாரணை முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கும். சொன்னவர் யார், சம்பவத்தை நேரில் பார்த்தவரா என்பதை மனு போடும் முன்பே விசாரித்து வையுங்கள்.

அடுத்தது கணக்கு. 34 வயது விசைத்தறித் தொழிலாளி இறந்துவிட்டார், மாத வருமானம் 15,000 ரூபாய், மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என்று வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி (2017) எதிர்கால வருமானத்துக்கு 40% கூட்டினால் 21,000. சார்ந்தவர்கள் நால்வர் என்பதால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. சரளா வர்மா தீர்ப்பின் (2009) அட்டவணையில் 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கி, அதாவது ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண், 16. ஆக 30,24,000 ரூபாய். அந்த 40%ஐ விட்டுவிட்டால் 21,60,000தான் வரும். குடும்பத்துக்கு 8,64,000 நஷ்டம்.

வருமானத்தை நிரூபிப்பதுதான் நம் பக்கத்தில் பெரும்பாடு. சனிக்கிழமை கையில் வாங்கும் வாரக்கூலிக்கு ஏது சம்பளச் சீட்டு? கூலி நோட்டு, வங்கிக் கணக்கு, கூட வேலை செய்தவர் சாட்சி, முடிந்தால் தறிக்காரரையே கூண்டில் ஏற்றுங்கள்.

காய வழக்கில் மெடிக்கல் போர்டு தரும் ஊன சதவீதத்தோடு நின்றுவிடக் கூடாது. திருப்பூர் ஓவர்லாக் டெய்லருக்கு வலது கட்டைவிரல் மடங்காமல் போனால் சான்றிதழில் சின்ன எண்தான் இருக்கும். பிழைப்பு முக்கால்வாசி போயிருக்கும். ராஜ்குமார் தீர்ப்பை (2011) காட்டி, தொழிலில் எவ்வளவு இழப்பு என்று டாக்டர் சாட்சியிடமே கேட்டுப் பதிய வையுங்கள்.

மருத்துவ வழக்கை இரண்டு மூன்று வருடம் கழித்துத் தொடலாம். நுகர்வோர் ஆணையத்தில் கெடு 2 ஆண்டு. மாவட்ட ஆணையத்தின் 50 லட்சம் வரம்பு, சிகிச்சைக்குக் கட்டிய தொகையை வைத்து. கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. எல்லோருக்குமே இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை அங்கே வராது. கிரிமினல் வழக்கு போடச் சொல்லி வருகிறவர்களிடம் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பை (2005) விளக்குங்கள்: அதற்குப் படுமோசமான கவனக்குறைவு வேண்டும்.

கேஸ் ஷீட், அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவேடு, கேட்டு எழுத்தில் மனு கொடுத்தால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். வந்ததும் நர்ஸ் சார்ட்டையும் டாக்டர் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள். இரவு 2 மணிக்கு பி.பி. இறங்கியதாகச் சார்ட்டில் இருந்து, டாக்டரின் அடுத்த குறிப்பு காலை 7 மணிக்கு என்றால், நடுவில் யாரைக் கூப்பிட்டார்கள், யார் வந்தார்கள்? அந்தக் கேள்வியோடு, அதே துறையில் வேறு மாவட்டத்து டாக்டர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். வழக்கு நிற்காது என்று அவர் சொன்னால், கட்சிக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.