எதில் கேட்டீர்கள்?

கேள்வி: அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டின் '808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்' ஆல்பத்தால் எங்கள் செட்டுக்குள் சண்டை. பாதிப் பேர் மேதை என்கிறார்கள். மீதிப் பேர், பாடத் தெரியாத கிறுக்கன் மெஷினை வைத்து ஏமாற்றியிருக்கிறான் என்கிறார்கள். நானும் போனில் இரண்டு முறை கேட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் எந்தக் கட்சி?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: போனில் கேட்டேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. பெயரில் உள்ள 808, ரோலண்ட் டிஆர்-808 என்ற ஜப்பானிய ட்ரம் மெஷின். 1980இல் வந்தது, நிஜ ட்ரம் மாதிரி இல்லை என்று பலரும் ஒதுக்கினார்கள், 1983இல் தயாரிப்பே நின்றுபோனது. அப்புறம் பழைய சாமானாக மலிவாகக் கிடைக்கவும் ராப் பையன்கள் அள்ளிக்கொண்டார்கள். அதன் அடி 'தும்' என்று விழுந்து கொஞ்ச நேரம் தரையோடு தரையாக ஓடும். போனில் இருக்கிற காசளவு ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. மீனை எடுத்துவிட்டு வெறும் புளித்தண்ணீரை ஊற்றினால் எந்தக் குழம்புதான் பிடிபடும்?

நானும் முதலில் அப்படித்தான் தள்ளிவிட்டேன். பிறகு தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாண வீடு. மைக் செட் தம்பி பெட்டியைச் சோதிக்க இந்த ஆல்பத்தின் முதல் பாட்டைப் போட்டான், முன்னால் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடுகிடுவென்று நடுங்கின. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு, பின்பாதியில் வார்த்தையே கிடையாது, டிக் டிக் என்று ஒரு சத்தமும் பின்னால் கோரஸ் குரல்களும் மட்டும், பந்தலில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை (சமையல்காரர் மட்டும் முறைத்தார்).

சரி, பாடத் தெரியாது என்ற குற்றச்சாட்டு. உண்மைதான், தெரியாது. 2007 நவம்பரில் கான்யேயின் தாயார் டோண்டா இறந்தார், பிறகு நிச்சயம் செய்த பெண்ணோடும் பிரிவு, மறு நவம்பரில் இந்த ஆல்பம். அதற்கு முன் மூன்று ஆல்பம் ராப் செய்தவர் திடீரென்று பாடினால் ரசிகன் கோபப்படத்தான் செய்வான். ஆட்டோ-ட்யூன் சுருதி தப்பிய குரலை இழுத்துப் பிடித்து நிறுத்துகிற கருவி, வழக்கமாக வெளியே தெரியாமல் போடுவார்கள். இவர் தெரியும்படியே போட்டார், அழுகிறவன் தகரக் குழாய்க்குள் வாயை வைத்தது போல இருக்கிறது. ஏமாற்றுகிறவன் அப்படியா போடுவான்? நம் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது முன்கயிற்றில் நின்று அம்பா என்கிற இழுப்புப் பாட்டை எடுத்துக் கொடுப்பவருக்கு என்றைக்காவது சுருதிப் பெட்டி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வலைக்கு முதலாளியான சம்மாட்டியின் கஞ்சத்தனத்தை அந்த நேரத்துக்கு ஒரு வரியாகக் கட்டி, இருபது பேர் கையும் ஒன்றாக இழுக்கிற இடத்தில் சரியாக விழவைக்கிறார் அல்லவா, அவர் குரலும் கரகரதான்.

மேதைக் கட்சியும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2009இல் ஒரு விருது விழாவில் மேடையேறி பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார், 2016இல் ஒரு ஆல்பத்தை வெளியிட்ட பிறகும் மாற்றி மாற்றி வைத்தார், 2021இல் பெயரையே 'யே' என்று சட்டப்படி சுருக்கிக்கொண்டார். இதெல்லாம் கிறுக்கு என்று சிரித்துவிடலாம். 2022இல் யூதர்களைப் பற்றிப் பேசியது கிறுக்கு இல்லை, அசிங்கம். அவரோடு சேர்ந்து ஷூ விற்ற அடிடாஸ் கம்பெனியே கையை உதறிக்கொண்டது. அதையும் மேதைக் கணக்கில் எழுதினால் அந்தக் கட்சிக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். அதற்காக 2008இல் அம்மாவை நினைத்துப் பாடிய 'கோல்டஸ்ட் வின்டர்' இன்றைக்கு இரைச்சலாகிவிடாது. இந்த ஆல்பத்திலேயே கூட இருந்து வேலை பார்த்த ராப் பாடகர் கிட் கடியும், பின்னால் வந்த இன்னொரு ராப் பாடகர் டிரேக்கும் இந்தத் தடத்தில் நடந்தவர்கள்தான்.

போனை வைத்துவிட்டு, தெரிந்த மைக் செட்காரரிடமோ நல்ல ஹெட்போன் உள்ளவரிடமோ போங்கள். கடைசிப் பாட்டை மட்டும் தாண்டிவிடுங்கள். சிங்கப்பூர் மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றியதை எல்லாம் பாடிப் பதிவு செய்தது, அதற்கு எனக்கே பொறுமை இல்லை.