வாசகர் கேள்வி – பதில்: மீனைக் கரையேற்றும் கைவலை

தூண்டிலில் சிக்கிய மீனைத் தண்ணீரிலிருந்து ஏந்தியெடுக்க உதவும் கைவலையைப் பற்றிக் கேட்டிருந்த வாசகர்களில் சிலருக்கு இந்த இதழில் பதிலளிக்கிறோம்.

கேள்வி: மேட்டூர் அணைப் பகுதியில் விடுமுறை நாள்களில் தூண்டில் போடுகிறேன். ரோகு, கட்லா இரண்டும் கிடைக்கின்றன. இதுவரை தூண்டில் நரம்பை (இழையை)ப் பிடித்தே மீனைக் கரைக்கு இழுத்து வந்தேன். இப்போது முதன்முறையாகக் கைவலை வாங்க எண்ணுகிறேன். மடக்கும் வகை, நீளும் கைப்பிடி வகை என்று கடையில் பலவற்றைக் காட்டுகிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: கைப்பிடி எவ்வளவு நீளும், வலை எவ்வளவு சிறிதாக மடங்கும் என்பதைத்தான் கடைக்காரர் முதலில் காட்டுவார். அவ்விரண்டையும் நீங்கள் கடைசியில் பார்த்தால் போதும். கைவலை பெரும்பாலும் முறிவது வளையமும் கைப்பிடியும் சேரும் மூட்டில்தான். ஆகவே வளையத்தை ஒரு கையிலும் கைப்பிடியை மறு கையிலும் பிடித்து இரு பக்கமும் மெல்ல முறுக்கிப் பாருங்கள். புதிய வலையிலேயே அந்த மூட்டில் ஆட்டம் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்க வேண்டாம். மூட்டு பிளாஸ்டிக்காக இருப்பதைவிட உலோகமாக இருப்பது நல்லது. ஒரே ஆணியில் நிற்பதைவிட இரண்டு இடங்களில் பிடிப்பு உள்ளது மேலானது. மடக்கும் வசதி என்பது கூடுதலாக ஒரு மூட்டைச் சேர்ப்பதே என்பதால், பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ எடுத்துச் செல்ல வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் மடங்காத வலையையே வாங்குவது நலம்.

மூட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறோம் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 2 மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 5 கிலோ மீன் இருக்கிறது என்றும், உங்கள் இரு கைகளும் கைப்பிடியின் அடியில் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் பிடித்திருக்கின்றன என்றும் கொள்வோம். அப்படியே கிடைமட்டமாகத் தூக்கினால், பின்கை ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கீழே அழுத்த வேண்டும். முன்கை 25 கிலோவைத் தாங்க வேண்டும். இந்த வளைவு விசையைக் கைப்பிடியின் நீளும் இணைப்புகளும் வளைய மூட்டும்தான் தாங்க வேண்டியிருக்கிறது. மீன் துள்ளும்போது அது இன்னும் கூடும். மீன் உள்ளே வந்ததும் வலையைத் தூக்காமல், கைப்பிடியைப் பின்னோக்கி இழுத்து வளையத்தைக் கரைக்குக் கொண்டுவந்து, பிறகு வளையத்தையே கையால் பிடித்துத் தூக்குவதுதான் முறை. இதைக் கடைப்பிடிப்பவரிடம் நடுத்தரமான கைவலைகூட நெடுங்காலம் உழைக்கும். கடைப்பிடிக்காதவரிடம் விலையுயர்ந்த கார்பன் கைப்பிடியும் முறியும்.

அளவைப் பொறுத்தவரை, கட்லா தலை பெருத்து உடல் அகன்ற மீன் என்பதை மறக்க வேண்டாம். வளையத்தின் வாய் 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வலைப்பையின் ஆழம் 50 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருந்தால், மீன் உள்ளே விழுந்த பின் வாலை அடித்து வெளியேற முடியாது. வாய் குறுகிய வலையில் மீனைத் திணிக்க முயலும்போதுதான் வளையம் நரம்பின் மீது இடித்து, தூண்டில் முள் கழன்றுபோகிறது. அணைக்கரையின் சரிவில் நின்று பிடிப்பவருக்கு 1.5 முதல் 2 மீட்டர் வரையிலான கைப்பிடி போதும். அதற்கு மேல் நீண்டால் தண்ணீரின் இழுப்பில் வலையைத் திருப்புவதே கடினம். இங்கிலாந்தில் பெரிய கெண்டை பிடிப்பவர்கள் 42 அங்குல முக்கோண வலைகளைப் பயன்படுத்துகிறார்கள். நம் அணைக்கரைகளில் கிடைக்கும் மீன்களுக்கு அவ்வளவு பெரியது பெரும்பாலும் தேவையில்லை.

ஊரில் நல்ல கொல்லர் இருந்தால், கல் மூங்கில் கழியில் 8 மில்லிமீட்டர் கம்பி வளையம் பொருத்திச் செய்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை. எடை சற்றுக் கூடும்; ஆனால் கழன்று விழக்கூடிய மூட்டு ஒன்றுகூட அதில் இராது. வலைத்துணியை மீன்பிடிச் சாமான் கடைகளில் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மீன் கரைக்கு மிக அருகில் வந்த பிறகே தப்பிவிடுகிறது. வலையை நீட்டினாலே பாய்ந்து ஓடுகிறது. வலையின் குறையா, என் கையின் குறையா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் வலையைக் காட்டும் விதத்தின் குறைதான். மீனைத் துரத்திக்கொண்டு வலை போகக் கூடாது. மீன்தான் வலைக்கு வர வேண்டும். மீன் களைத்துப் பக்கவாட்டில் சாயும் வரை வலையைத் தண்ணீருக்கு அருகிலேயே கொண்டுவர வேண்டாம். சாய்ந்த பின், வளையத்தின் முன்பகுதி தண்ணீருக்குள் மூழ்கும்படி வலையை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, தூண்டில் கோலை உயர்த்தி மீனின் தலையை வளையத்தின் மீது கொண்டுவர வேண்டும். தலை முதலில் உள்ளே வந்தால், மிரளும் மீன் தன் விசையாலேயே வலைப்பையின் அடிக்குப் பாயும். வால் பக்கமிருந்து வலையைச் செலுத்தினால், அதே விசை மீனை வெளியே கொண்டுபோய்விடும். விரால் பிடிப்பவர்கள் இதில் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். அது சாய்ந்தது போலிருந்து, வளையம் உடலில் பட்டவுடன் மீண்டும் ஒருமுறை பாயும் இயல்புடையது.

உடன் இருப்பவர் வலை பிடிக்கிறார் என்றால், "இப்போது" என்று சொல்லும் உரிமை தூண்டில் கோலைப் பிடித்திருப்பவருக்கு மட்டுமே இருக்கட்டும். உதவிக்கு வந்தவர் ஆர்வத்தில் முந்திக்கொள்வதால் போகும் மீன்கள் ஏராளம்.

கேள்வி: உதகைப் பக்கம் ட்ரௌட் மீனைப் பிடித்து உடனே விட்டுவிடுவது என் வழக்கம். ரப்பர் வலைதான் மீனுக்குத் தீங்கு செய்யாது என்கிறார்கள். அது உண்மையா, வெறும் விளம்பரமா?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: பெருமளவு உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. மீனின் உடல் மீதுள்ள வழுவழுப்பான படலம் அதன் முதல் காப்பு. முடிச்சிட்ட நைலான் வலையின் ஒவ்வொரு முடிச்சும் அந்தப் படலத்தைச் சுரண்டுகிறது, செதில்களைப் பெயர்க்கிறது, துடுப்பின் ஓரங்களைக் கிழிக்கிறது. அந்தப் புண்களில் பிறகு பூஞ்சை பற்றுகிறது. கனடாவில் ப்ளூகில் என்னும் நன்னீர் மீனைக் கொண்டு செய்யப்பட்டு 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில் ரப்பர் வலை, முடிச்சில்லா நைலான் வலை, நெருக்கமாகவும் அகலமாகவும் முடிச்சிட்ட இரு நைலான் வலைகள் என நான்கு வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிச்சிட்ட வலைகளே அதிகக் காயம் செய்தன. இங்கிலாந்தில் முடிச்சிட்ட வலையையும் உலோகக் கண்ணி கொண்ட வலையையும் மீன் ஏந்தப் பயன்படுத்துவது விதிப்படியே தடை செய்யப்பட்டுள்ளது.

ஆனால் அதே ஆய்வில், வலையில் ஏந்தப்பட்ட மீன்களில் வகைக்கேற்ப 4 முதல் 14 விழுக்காடு வரை பின்னர் இறந்தன. வலையே இல்லாமல் எடுக்கப்பட்டவற்றில் ஒன்றும் இறக்கவில்லை. எனவே விட்டுவிடப் போகும் சிறு மீனை, ஈரக் கையால் தண்ணீரிலேயே முள் நீக்கி அனுப்ப முடியுமானால் வலையே வேண்டாம். முடிச்சில்லாத வலையோ ரப்பர் வலையோ பயன் தருவது பெரிய மீனுக்கு. அதை நெடுநேரம் போராட விடாமல் விரைவில் அடக்கி, தண்ணீருக்குள்ளேயே வைத்து முள் நீக்கலாம். விடுவதற்கான வலையின் பை ஆழம் குறைந்ததாக, அடிப்பகுதி தட்டையாக இருப்பது நல்லது. ஆழமான பையில் மீன் வளைந்து மடங்கிக் கிடக்கும். குளிர்நீர் மீனாகிய ட்ரௌட், வெயிலில் தண்ணீர் சூடேறிய நடுப்பகலில் சிறிது போராடினாலே தளர்ந்துவிடும் என்பதால், விட்டுவிடும் எண்ணமுள்ளவர் காலையிலேயே முடித்துக்கொள்வது வலையை மாற்றுவதைவிடப் பயனுள்ளது.

ரப்பர் வலையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அது எடை மிகுந்தது. ஓடும் நீரில் பெரிதும் இழுபடும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் கிடந்தால் ஒட்டிக்கொண்டு, நாளடைவில் வெடிக்கும்.

கேள்வி: செயற்கை இரையின் மூன்று முனை முள்ளும் கெளுத்தியின் முள்ளும் வலையில் சிக்கிக்கொண்டு பாடாய்ப் படுத்துகின்றன. வழி உண்டா?
— ஒரு வாசகர், முத்துப்பேட்டை

பதில்: செயற்கை இரை போடுபவருக்கு ரப்பர் வலையோ ரப்பர் பூசிய வலையோதான் தீர்வு, முள்முனை அதில் எளிதில் ஏறாது. கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள முட்கள் விறைத்து நிற்பவை, ரம்பப் பல் கொண்டவை. அவற்றை இழுத்து எடுக்க முயன்றால் வலையும் கிழியும், கையும் கிழியும். சிக்கிய கண்ணியின் ஓர் இழையைக் கத்தரியால் வெட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணியை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். கொடுவா பிடிப்பவர்கள் அதன் செவுள் மூடியின் கூரிய ஓரம் மெல்லிய இழையை அறுக்கும் என்பதை எண்ணி, தடித்த இழை கொண்ட வலையை வாங்க வேண்டும்.

கேள்வி: தூத்துக்குடியில் உயரமான கற்சுவரின் மேல் நின்று தூண்டில் போடுகிறோம். தண்ணீர் ஐந்து மீட்டருக்குக் கீழே இருக்கிறது. அவ்வளவு நீளமான கைப்பிடி கிடைக்குமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: கிடைத்தாலும் வாங்க வேண்டாம், மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். உங்களுக்குத் தேவை கயிற்றில் இறக்கும் வளைய வலை. ஒரு மீட்டர் அளவுள்ள வளையத்தில் மூன்று அல்லது நான்கு இடங்களில் கயிறு கட்டி, அவற்றை மேலே ஒன்றாக இணைத்து, பையின் அடியில் வலை விரிந்து நிற்கும் அளவுக்கு ஓர் ஈயக் குண்டைக் கட்டினால் போதும். வலையை முதலில் மூழ்கவிட்டு, மீனை அதன் மேல் கொண்டுவந்து, நேராக மேலே இழுக்க வேண்டும். ஒருவர் தூண்டில் கோலையும் மற்றொருவர் கயிற்றையும் பிடிக்க வேண்டும். தனியாகச் செய்ய முயல வேண்டாம்.

கேள்வி: வலையில் நாற்றம் போகவில்லை. சலவைத் தூள், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவலாமா? வெயிலில் காயவைத்தால் நைலான் கெடும் என்றும், வைக்காவிட்டால் நோய் பரவும் என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: இருவர் சொல்வதும் சரியே. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் நைலானை நாளடைவில் வலுவிழக்கச் செய்கின்றன. மாதக்கணக்கில் மொட்டை மாடியில் தொங்கும் வலையின் இழை, பார்க்க நன்றாக இருந்தாலும் விரலால் இழுத்தால் அறுந்துவிடும். அதே சமயம், ஈர வலை ஒரு குளத்தின் நோயை மறு குளத்துக்குச் சுமந்து செல்லும். 1988ஆம் ஆண்டு இந்தியாவுக்குள் பரவிய மீன் புண்நோய், அஃபனோமைசிஸ் இன்வடன்ஸ் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வருவது. விராலையும் சிறு கெண்டைகளையும் அது மிகவும் தாக்கும். மழைக்குப் பின் தண்ணீர் குளிர்ந்திருக்கும் மாதங்களில்தான் தலைகாட்டும். செங்கல்பட்டு ஏரிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே நாளில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும். நியூசிலாந்தில் 2004ஆம் ஆண்டு டிடிமோ என்னும் பாசி ஆறுகளில் கண்டறியப்பட்ட பிறகு, மீன்பிடிக் கருவிகள் தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருக்கும் நிலைக்கு வந்த பின்னும் 48 மணி நேரம் காயவிட வேண்டும் என்று அங்கே வலியுறுத்தினார்கள். நாமும் அதைப் பின்பற்றலாம்.

வீடு திரும்பியதும், வலையில் ஒட்டிய பாசி, ஆகாயத்தாமரைத் துணுக்கு, செதில் ஆகியவற்றை உதறி எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடலிலோ உப்பங்கழியிலோ பயன்படுத்தியிருந்தால், கைப்பிடியை முழுதும் நீட்டி இணைப்புகளுக்குள்ளும் தண்ணீர் ஓட விடுங்கள். உள்ளே காயும் உப்புதான் இணைப்பை இறுகச் செய்கிறது. அலுமினியக் கைப்பிடியில் எஃகுத் திருகாணி இருந்தால், உப்பு நீர் பட்டதும் அந்த இடத்தில் அலுமினியம் அரிக்கும். பின்னர் ஓரிரு மணி நேரம் வெயிலிலும், மீதி நேரம் காற்றோட்டமான நிழலிலும் தொங்கவிடுங்கள். நாற்றத்துக்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சமையல் சோடா கரைத்து வலைப்பையை அரைமணி நேரம் ஊறவைத்து அலசினால் போதும். பிளீச்சிங் பவுடர் நைலான் இழையை அரிக்கும். அதுவும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் அலுமினியத்தைக் கெடுக்கும். நோய் கண்ட குளத்தில் பயன்படுத்திய வலைக்குக் கிருமிநீக்கி அவசியம் என்று தோன்றினால், பையை வளையத்திலிருந்து கழற்றித் தனியாக நனைத்து, பிறகு நன்றாக அலசுங்கள்.

கேள்வி: வளையமும் கைப்பிடியும் நன்றாக இருக்கின்றன, வலைப்பை மட்டும் வளையத்தை ஒட்டிய இடத்தில் அறுந்துகொண்டே வருகிறது. புதிய பை மாட்டலாமா?
— ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: மாட்டலாம். வளையத்தைக் கல்லிலும் சிமெண்ட் படியிலும் தேய்ப்பதால்தான் அந்த இடம் முதலில் போகிறது. கடைசி வரிசைக் கண்ணிகளை வளையத்தில் நேரடியாகக் கோக்காமல், கட்டுமானத்துக்கு உதவும் உறுதியான நைலான் கயிறு ஒன்றை அவற்றினூடே ஓட்டி, அந்தக் கயிற்றை வளையத்தோடு நான்கு விரல் இடைவெளியில் கட்டுங்கள். பிறகு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பழைய ரப்பர் குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து வளையத்தின் மேல் போர்த்தி, ஆங்காங்கே இறுகக் கட்டிவிடுங்கள். தேயப்போவது குழாயாகத்தான் இருக்கும். அது தேய்ந்தால் வேறு துண்டு மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுக்கொரு முறை, அடிப்பகுதிக் கண்ணி ஒன்றை இரு விரலால் இழுத்துப் பாருங்கள். அது எளிதில் அறுந்தால், ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிராமல் பை முழுவதையும் மாற்றிவிடுங்கள்.