கேள்வி – பதில்: புக்கர் பரிசும் கரும்புத் தோட்டமும்

கேள்வி: நம் இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவுக்குக் கிடைத்த புக்கர் பரிசை யார், எப்போது தொடங்கினார்கள்? தமிழில் எழுதும் ஒருவருக்கு அது கிடைக்குமா?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: புக்கர் என்பது ஒரு கம்பனியின் பெயர். தென் அமெரிக்காவிலிருந்த பிரித்தானிய கயானாவில் கரும்புத் தோட்டங்களும் சீனி ஆலைகளும் வைத்திருந்த புக்கர் மக்கொனல் கம்பனி, எழுத்தாளர்களின் பதிப்புரிமைகளை வாங்கும் தொழிலிலும் இறங்கியிருந்தபோது, இலண்டன் பதிப்பாளர்களின் தூண்டுதலால், ஆங்கிலத்தில் எழுதப்படும் நாவலுக்கான இப்பரிசுக்குப் பணம் கொடுக்க முன்வந்தது. பிரான்சின் கொன்கூர் இலக்கியப் பரிசே அவர்களுக்கு முன்மாதிரி. 1969இல் பி. எச். நியூபி முதற் பரிசைப் பெற்றபோது தொகை 5,000 பவுண், இன்று 50,000.

நம் கிழக்கிலுள்ள ஹிங்குரானையில் வெயிலில் கரும்பு வெட்டுவோரைக் கண்டவர்களுக்கு, அப்பணம் எத்தகைய உழைப்பிலிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. கயானாவில் முதலில் ஆபிரிக்க அடிமைகளும், பின்னர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களும், அவர்களுள் சென்னையிலிருந்து சென்ற தமிழரும், அந்தக் கரும்பை வெட்டினார்கள். 1972இல் பரிசு பெற்ற ஜோன் பேர்ஜர், கம்பனியின் கரீபியன் சுரண்டலைப் பரிசளிப்பு விழாவிலேயே எடுத்துச் சொல்லி, தொகையில் பாதியை, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்துக்கு அளிப்பதாக அறிவித்தார். இப்பரிசின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்வு அதுவே.

நெடுங்காலம் பொதுநலவாய, அயர்லாந்து எழுத்தாளர்களுக்கே பெரும்பாலும் உரியதாயிருந்த பரிசு, 2014 முதல் எந்நாட்டவருக்கும் திறக்கப்பட்டது. கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் இதைப் பகிர்ந்துகொண்டார். போருக்குப் பிந்திய வடக்கை எழுதிய அனுக் அருட்பிரகாசம் 2021இல் குறும்பட்டியலில் இடம்பெற்றார். கருணாதிலக 2022இல் வென்றார். மூவரும் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள்.

தமிழில் எழுதுவோருக்கு உரிய வழி 2005இல் தொடங்கிய சர்வதேச புக்கர் பரிசு. 2016 முதல் அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு நூலுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. 50,000 பவுணை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பெறுவர். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2023இல் நெடும்பட்டியலை எட்டியது. கன்னடத்தின் பானு முஷ்தாக், மொழிபெயர்ப்பாளர் தீபா பஸ்தியுடன் 2025இல் வென்றார். ஆனால் அந்த மொழிபெயர்ப்பு பிரித்தானியாவிலோ அயர்லாந்திலோ வெளிவந்திருக்க வேண்டும். ஆகவே மட்டக்களப்பு நாவல் ஒன்று அங்கே போவதற்கு, அதை வெளியிட முன்வரும் பதிப்பகமும், அதற்கு முன்னதாக, நம் ஊர்ப் பேச்சின் ‘மறுகா’ எந்த இடத்தில் ‘பிறகு’, எந்த இடத்தில் ‘மறுபடியும்’ என்று காது கொடுத்துக் கேட்டு ஆங்கிலமாக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் தேவை.