அந்த சி.டி.யைப் பார்க்க விடுங்கள்

ஐயா, உங்கள் கடிதத்தில் மைத்துனர் சொன்னது முக்கால் பங்கு. மகள் சொன்னது இரண்டு வரி. நீட் இரண்டு முறை எழுதிவிட்டாள். மூன்றாம் முறைக்குக் கோச்சிங் சேர்ப்பதா, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் சீட் பார்ப்பதா, எம்.பி.பி.எஸ். படிக்க ஜார்ஜியா நாட்டுக்கு அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுதலாக நாலு வார்த்தை எழுதலாம்தான். ஆனால் நிலத்துக்கு விலை பேசத் தொடங்கிவிட்டதாகவும் எழுதியிருப்பதால் நேராகவே சொல்கிறேன்: மூன்றும் வேண்டாம்.

மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஆண்டுக் கட்டணமே பல இடங்களில் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. படிக்கப்போகிறவளோ புள்ளியியல் பி.எஸ்சி. கேட்கிறாள். அவள் கேட்காத படிப்புக்கு ஒரு கோடி செலவழிப்பது பாசமில்லை, உறவினர் முன் மரியாதை காப்பாற்றும் செலவு. பொறியியல், பார்மசி, நர்சிங் பற்றியெல்லாம் சொல்ல வீட்டிலேயே ஆள் இருப்பார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

பாட்டியின் மூளையை எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சி.டி.யைக் கணினியில் போட்டு மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று குறைபட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உபயோகமான தகவல் அது ஒன்றுதான். அதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மூளைப் படங்களைக் கணக்குப் போட்டு ஆராயும் அந்தத் துறைக்கு நியூரோ இமேஜிங் என்று பெயர்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் தருவது எண்களின் குவியல். மூளையைச் சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மூளையின் செயல்பாட்டைப் பார்க்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் இரண்டு நொடிக்கு ஒருமுறை முழு மூளையும் இப்படிப் பதிவாகும். படுத்திருப்பவர் தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கணக்கு பிசகும். அசைவைச் சரிசெய்து, படத்திலிருந்து மண்டையோட்டை நீக்கி, பலருடைய மூளைகளையும் ஒரு பொது வடிவத்துக்குப் பொருத்திய பிறகுதான் புள்ளியியலே தொடங்கும்.

இந்த வேலைக்கு ஆராய்ச்சி உலகம் நம்பும் மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் எஸ்.பி.எம்., கார்ல் ஃபிரிஸ்டன் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து எஃப்.எஸ்.எல். ராபர்ட் காக்ஸ் 1994இல் எழுதத் தொடங்கிய ஆஃப்னி, இப்போது அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் வளர்கிறது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை தரும் ஃப்ரீசர்ஃபர், மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமனை அளக்கும். சராசரி இரண்டரை மில்லிமீட்டர்தான், அல்சைமர் நோயில் அது மெலியும். சில நிபந்தனைகள் உண்டு: எஸ்.பி.எம். ஓட மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் வேண்டும், அதற்குப் பணம் (மேட்லேப் இல்லாமல் ஓடும் தனிப் பதிப்பும் தருகிறார்கள்). எஃப்.எஸ்.எல். வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம்.

புள்ளியியல் எதற்கு என்று மைத்துனர் கேட்டால் சால்மன் மீன் கதையைச் சொல்லுங்கள். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்த சால்மன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். ஒரே நேரத்தில் ஏராளமான கட்டங்களைச் சோதிக்கும்போது செய்யும் வழக்கமான திருத்தத்தைச் செய்யாமல் கணக்குப் போட்டபோது, மீனின் மூளை ‘வேலை செய்தது’! ஒரு லட்சம் கட்டங்களைத் தனித்தனியே ஐந்து விழுக்காடு பிழை வரம்பில் சோதித்தால், ஒன்றுமே இல்லாதபோதும் சுமார் ஐயாயிரம் கட்டங்கள் மின்னத்தான் செய்யும். மென்பொருளை யாரும் ஓட்டலாம். அந்த ஐயாயிரத்தைச் சந்தேகப்படத் தெரிந்தவர்தான் தேவை.

மகள் இன்றே தொடங்கலாம். சி.டி.யில் இருக்கும் டைகாம் (மருத்துவப் பட வடிவம்) கோப்புகளை dcm2niix என்ற சிறு நிரலால் மாற்றி, எஃப்.எஸ்.எல்.லின் படம் பார்க்கும் கருவியான FSLeyes-இல் திறக்கட்டும். பாட்டியின் ஸ்கேன் 5 மி.மீ. வெட்டுகளாக எடுத்ததென்றால் ஃப்ரீசர்ஃபருக்கு உதவாது. அதற்கு 1 மி.மீ. அளவிலான டி1 படம் (மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) வேண்டும். ஓப்பன்நியூரோ தளத்தில் பெயர் நீக்கிய தரவுகள் கிடைக்கும், பழகுவதற்கு அதுவே நல்லது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இவை ஆராய்ச்சிக் கருவிகள். பாட்டிக்கு என்ன நோய் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டக்கூடாது.

படிப்பு, அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல். கூடவே பைத்தான் நிரல்மொழி, லினக்ஸ் இயங்குதளம். பிறகு எம்.எஸ்சி. அதன்பின் பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களின் ஆய்வுத் திட்டங்கள். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தத் துறையில் வேலை அரிது, அதை மறைக்க மாட்டேன். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் ரூ.37,000, வீட்டு வாடகைப் படி தனி. திட்டப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். ஐ.டி.யில் இருக்கும் மைத்துனர் மகனோடு ஒப்பிடத்தான் செய்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நடுவில் அவள் மனம் மாறினாலும் புள்ளியியலும் பைத்தானும் வேறு இடங்களில் விலைபோகும். ஜார்ஜியாவில் பாதியில் விட்ட எம்.பி.பி.எஸ். எங்கும் விலைபோகாது.

‘நியூரோ இமேஜிங் சர்டிபிகேட்’ என்று யாராவது ஐம்பதாயிரம் கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எஃப்.எஸ்.எல்., எஸ்.பி.எம். குழுவினரின் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 16 ஜிபி ரேம் உள்ள ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுங்கள், இப்போதைக்கு அந்தச் செலவு போதும். கல்லூரி விண்ணப்பத்தில் பாட விருப்பத்தை அவளே நிரப்பட்டும். அந்த நேரத்தில் மைத்துனர் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.