பாலி-எல்-லைசின்: கேட்டவர்களுக்குப் பதில்

ராயபுரம் பக்கம் ஒரு திசு ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். திசு கழன்று போகாமல் இருக்கக் கண்ணாடி ஸ்லைடில் பூசுகிற பாலி-எல்-லைசின் பாட்டிலைத் திறக்காத வாரமே கிடையாது. அதைப் பற்றிச் சேர்ந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன்.

திவ்யா, திருவொற்றியூர் (டிஎம்எல்டி என்ற ஆய்வகப் படிப்பில் இரண்டாம் வருடம்): அக்கா, இது பசையா, இல்லை வேறு ஏதாவதா? பாட்டில் மேலே எழுதியிருப்பதைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

பசை இல்லை, திவ்யா. பருப்பிலும் மீனிலும் இருக்கிற லைசின் என்ற அமினோ அமிலத்தை நூற்றுக்கணக்கில் கோத்துச் செய்த நீளமான சங்கிலி இது. ஒவ்வொரு லைசினுக்கும் பக்கவாட்டில் ஒரு கை நீட்டியிருக்கும், அதன் நுனியில் ஒரு அமைன் (நைட்ரஜன் உள்ள தொகுதி). உடம்பின் பிஹெச் 7.4 அளவில் அந்த நுனிகள் கிட்டத்தட்ட எல்லாமே நேர்மின்னேற்றத்தோடு இருக்கும். கண்ணாடியின் மேல்பரப்போ எதிர்மின், செல்லின் தோலும் எதிர்மின். சும்மா விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் இந்தச் சங்கிலி படிந்தால் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்தச் சங்கிலியை முதலில் செய்துகாட்டியவர்களில் ஒருவர் எஃப்ரெய்ம் கட்சால்ஸ்கி. 1948இல் அந்தக் கட்டுரை வந்தது, 1973இல் அவர் இஸ்ரேலின் குடியரசுத் தலைவர் ஆனார்.

சேகர், வியாசர்பாடி: பாலி-லைசின் தடவிய ஸ்லைடில்தான் திசுவை மெல்லிசாகச் சீவிய செக்‌ஷன் எடுக்கிறேன். ஆனாலும் ஐஹெச்சிக்கு (திசுவில் இருக்கிற புரதத்தை எதிர்ப்பொருளால் கண்டறியும் சோதனை) குக்கரில் வைத்து எடுத்தால் பாதி திசு கழன்று மிதக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

தம்பி, இதை நீ மட்டும் கேட்கவில்லை, ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தண்ணீரைப் பார். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று டீ போடுகிறவர்களுக்கே தெரியும். உப்பு அயனிகள் மின்னேற்றத்தை மறைத்துவிடும், பிடிமானம் போய்விடும். கேன் தண்ணீரும் வேண்டாம், அயனி நீக்கிய நீர்தான். 0.1 சதவீத பாட்டிலை ஒன்றுக்குப் பத்தாகக் கலந்து, எண்ணெய்ப்பசை இல்லாத ஸ்லைடை ஐந்து நிமிடம் அதில் வைத்து, வடியவிட்டு, 60 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் காயவை. ராத்திரி முழுக்க வெளியே வைத்தாலும் காயும் என்பார்கள், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கடல் காற்று அடிக்கிற நம் ஊரில் அதை நான் நம்புவதில்லை. கரைசலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றாதே, ஸ்லைடில் ஒட்ட வேண்டியது ஜாடியிலேயே ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் ஜாடி எடு. கலங்கிப்போன கரைசலைக் கீழே ஊற்றிவிடு.

அடுத்தது வாட்டர் பாத், அதாவது சீவிய திசுவை மிதக்கவிடும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி. பழக்கதோஷத்தில் அதில் முட்டை வெள்ளைக்கரு ஆல்புமினோ ஜெலட்டினோ போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூச்சு போட்ட ஸ்லைடுக்கு அது கூடவே கூடாது, அந்தப் புரதம் முதலில் போய் எல்லா இடத்தையும் அடைத்துவிடும், திசுவுக்கு இடமே இருக்காது. செக்‌ஷனை எடுத்ததும் அடியில் தங்கிய தண்ணீர் முழுக்க வடிய ஸ்லைடை நிற்கவைத்துவிட்டு அப்புறம்தான் சூடுபடுத்த வேண்டும். பெரும்பாலும் கோளாறு இங்கேதான், அவசரப்படுகிறோம்.

இவ்வளவு செய்தும் எலும்பும் கொழுப்பு நிறைந்த மார்பகத் திசுவும் கழன்றால், அவற்றுக்கு மட்டும் சிலேன் (சிலிக்கான் உள்ள ஒரு வேதிப்பொருள்) பூசிய ஸ்லைடு எடு. ஒரு நோயாளிக்குக் கிடைத்த திசுவே அந்தத் துணுக்குதான் என்றால், நாலு காசு கூடப் போனாலும் பரவாயில்லை.

பெரம்பூரிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவர்: நியூரான் (நரம்பு செல்) வளர்க்கத் தட்டில் பூசுகிறேன். செல் நன்றாக ஒட்டுகிறது, மறுநாளே சுருங்கிச் சாகிறது.

கழுவினீர்களா? நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு தட்டைக் கழுவாமல் விட்டுவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் ஒரு செல் உயிரோடு இல்லை, அன்றைக்கு அழுதேவிட்டேன். தட்டில் ஒட்டாமல் மிச்சமாக மிதக்கிற சங்கிலிகள் செல்லின் சவ்வையே பிடித்து இழுத்து ஓட்டை போடும். ஒட்டவைக்கிற அதே நேர்மின்தான் கொல்லவும் செய்கிறது. நுண்ணுயிர் நீக்கிய நீரில் மூன்று தடவை கழுவி, காயவைத்து, பிறகு செல்லை விடுங்கள். சங்கிலி நீளமாக நீளமாகப் பிடிப்பும் கூடும், நச்சும் கூடும். நாள் கணக்கில் வளர்ப்பதென்றால் டி-லைசின் வகைக்கு மாறுங்கள். அது இதன் கண்ணாடி பிம்பம், செல்லின் புரத வெட்டி நொதிகளால் அதை நறுக்க முடியாது.

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா: வெளிநாட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாலிலைசின் என்று போட்டிருந்தது. கெமிக்கலையா தின்கிறோம்? மீன் கெடாமல் இருக்க அது உதவுமா?

அது இதன் உறவுக்காரி, எப்சிலான் வகை. லைசின்கள் அதில் பக்கக்கை வழியாகக் கோக்கப்பட்டிருக்கும், 25 முதல் 35 வரைதான் இருக்கும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆல்புலஸ் என்ற பாக்டீரியா தானாகவே செய்வது. 1977இல் ஜப்பானில் ஷிமாவும் சகாயும் கண்டுபிடித்தார்கள், அங்கே உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். கிருமியின் சவ்வைச் சிதைத்துத்தான் வேலை செய்கிறது. சாப்பிட்டால் பயமில்லை அம்மா. ஆனால் உங்கள் மீனுக்கு ஐஸ்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

ரஹீம், தண்டையார்பேட்டை: சர்க்கரை நோய்க்கு இதில் ஏதோ இருக்கிறது என்றார்களே?

மருந்தாக இல்லை, ரஹீம் பாய். இன்சுலின் சுரக்கும் செல்களைக் கடல்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் உருண்டைக்குள் வைத்து, மேலே பாலி-லைசின் தோல் போர்த்தினார்கள். 1980இல் லிம், சன் இருவரும் சர்க்கரை நோய் உள்ள எலிகளில் வைத்தபோது இரண்டு மூன்று வாரம் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. சர்க்கரையும் இன்சுலினும் அந்தத் தோல் வழியாகப் போய்வரும், எதிர்ப்புச் செல்கள் உள்ளே வர முடியாது. அருமையான யோசனை. ஆனால் அந்த லைசின் தோலே உடம்பை உசுப்பி, சுற்றிலும் நார் படிய வைப்பது பெரிய தலைவலி, அதனால்தான் மேலே இன்னொரு ஆல்ஜினேட் பூச்சு போடுகிறார்கள். அதை நம்பி இன்சுலின் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் விற்கும் லைசின் மாத்திரை இதுதானா? (இரண்டு பேர்)

இல்லை. அது தனி லைசின், சங்கிலி கிடையாது. ஆய்வகப் பாட்டிலை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

திவ்யா மறுபடியும்: பூச்சு கண்ணுக்கே தெரியவில்லையே அக்கா, சரியாகப் போட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே பிளாக்கிலிருந்து (மெழுகில் பதித்த திசுக் கட்டி) ஆறு செக்‌ஷன் வெட்டு. மூன்றைப் பூசிய ஸ்லைடிலும் மூன்றைச் சும்மா ஸ்லைடிலும் எடுத்து, பென்சிலால் குறித்து, எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போடு. வெளியே எடுத்ததும் எதில் எவ்வளவு திசு நிற்கிறது என்று எழுதிக்கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.